மரக்கால் யார் கையில்?
அணுசக்திக் கமிஷனுக்குத் தலைமை வகித்த ஒரு வக்கீலின் வரலாறு

(வேளச்சேரியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அணுசக்தி. "அது படித்தவர்கள் விவகாரம், நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த வேளச்சேரியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். 1983 ஜூலையில் அங்கே முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. பின்னர் இரண்டாவது உலையும் வந்தது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் அல்ல. குழாய் மாட்டுகிறவன், வால்வு திருப்புகிறவன், தரை துடைக்கிறவள், ஒப்பந்தக் கூலி என்று நம்மைப் போன்றவர்களும் போகிறார்கள். ஆகவே இது நம் விவகாரமும்தான்.

அணு உலை எப்படி எரிகிறது என்பதை இன்று விளக்கப் போவதில்லை. அந்த உலை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிறவன் யார், அவனுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வியின் ருசி உங்களுக்குத் தெரியாததல்ல. களத்து மேட்டில் கூலி நெல் அளக்கிறார்கள். மரக்கால் பண்ணையார் வீட்டு மரக்கால். அளக்கிறவர் பண்ணையாரின் கணக்கப்பிள்ளை. தலைவழித்து அளக்கும் கை யாருடைய கை? அவருடைய கைதான். பத்து மரக்கால் என்று கணக்கில் ஏறும். வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் ஒன்பதுக்கும் குறையும். ஆலையில் வேலை செய்கிற தோழர்களுக்கு வேறு அனுபவம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரியே ஓடுகிற பெல்ட்டுக்கு மூடி ஏறிவிடும். அவர் காரில் ஏறிப் போன மறுநாள் மூடி கழன்று மூலைக்குப் போய்விடும். அளக்கிறவனும் அளக்கப்படுகிறவனும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் நியாயம் நடக்காது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

அணுசக்தியில் இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ள முப்பது வருஷம் ஆயிற்று. அந்த முப்பது வருஷக் கதையை ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு சொல்லலாம். அவர் விஞ்ஞானி அல்ல, வக்கீல். பெயர் டேவிட் லிலியந்தால்.

ரயில்வே தொழிலாளரின் வக்கீல்

லிலியந்தால் 1899-ல் அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவர். பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். 1923-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சட்டம் படித்து முடித்தார். முடித்ததும் சிகாகோ நகரில் டொனால்டு ரிச்பெர்க் என்பவரிடம் சேர்ந்தார். ரிச்பெர்க் ரயில்வே தொழிற்சங்கங்களுக்காக வாதாடியவர். தொழிலாளர் வழக்குகளில்தான் லிலியந்தால் தொழில் பழகினார்.

பிறகு வேறொரு சண்டையில் இறங்கினார். சிகாகோவில் டெலிபோன் கம்பெனி ஜனங்களிடம் அதிகக் கட்டணம் வாங்குகிறது என்று நகரசபை வழக்குத் தொடுத்திருந்தது. அந்த வழக்கு 1930-ல் சுப்ரீம் கோர்ட்டில் வந்தபோது நகரசபையின் பக்கம் நின்றவர்களில் லிலியந்தாலும் ஒருவர். பின்னால் கோடிக்கணக்கான டாலர் சந்தாதாரர்களுக்குத் திரும்பி வந்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை வரி வரியாகப் புரட்டி, எங்கே கொள்ளை போகிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. அதற்காகவே 1931-ல் விஸ்கான்சின் மாகாணம் அவரைப் பொதுச் சேவைக் கமிஷனில் அமர்த்தியது. மின்சாரம், டெலிபோன் கம்பெனிகள் என்ன விலை வாங்கலாம் என்று தீர்மானிக்கும் கமிஷன் அது.

நதியிலிருந்து அணுவுக்கு

1933-ல் அமெரிக்காவில் பெரிய வேலையில்லாத் திண்டாட்டம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற சர்க்கார் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். நதியில் அணைகள் கட்டி, வெள்ளத்தைத் தடுத்து, மலிவாக மின்சாரம் கொடுப்பது அதன் வேலை. மூன்று டைரக்டர்களில் ஒருவர் லிலியந்தால். 1941-ல் அவரே தலைவரானார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் பத்தில் ஒரு விவசாயி வீட்டில்தான் மின்விளக்கு எரிந்தது. ஏழைக் குடியானவன் வீட்டுக்குக் கம்பி இழுத்தால் லாபமில்லை என்று தனியார் கம்பெனிகள் கைவிரித்தன. சர்க்கார் இழுத்தது. கம்பெனிகள் வழக்குமேல் வழக்குப் போட்டன. லிலியந்தால் எதிர்த்து நின்றார். 1939-ல் அந்தப் பிரதேசத்தின் பெரிய மின்சாரக் கம்பெனியைச் சர்க்கார் 7 கோடியே 86 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கியது. இந்த ஆணையத்தைப் பார்த்துத்தான் 1948-ல் நம் நாட்டில் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் உருவாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்க மாட்டோம். அணை கட்டியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. நிலச் சொந்தக்காரனுக்கு விலை கிடைத்தது. வாரத்துக்கு உழுதவனுக்கு அந்த விலையில் பங்கில்லை. அணைத் தொழிலாளருக்காகக் கட்டிய நாரிஸ் என்ற புது ஊரில் நீக்ரோ மக்களைக் குடியிருக்க விடவில்லை. வெளிச்சம் வந்தது, ஆனால் எல்லோர் வீட்டுக்கும் ஒரே மாதிரி வரவில்லை.

அந்த நதியின் மின்சாரம்தான் அவரை அணுவுக்கு இழுத்துச் சென்றது. யுத்த காலத்தில் டென்னசியில் ஓக் ரிட்ஜ் என்ற ரகசிய ஊரை எழுப்பினார்கள். அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்தைப் பிரித்தெடுக்க ஏராளமான மின்சாரம் தேவை. அந்த மின்சாரத்தைக் கொடுத்தது அந்த ஆணையம். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்டு 6 அன்று விழுந்த குண்டின் யுரேனியம் அங்கே பிரித்தெடுத்தது.

கமிஷன் தலைவர்

யுத்தம் முடிந்தது. இந்தப் பயங்கர சக்தியை யார் கட்டுப்படுத்துவது? 1946-ல் லிலியந்தால் தலைமையில் ஐந்து பேர் குழு அமைத்தார்கள். விஞ்ஞானி ஓப்பன்ஹைமரும் அதில் ஒருவர். அணுவைப் பற்றி அரிச்சுவடியிலிருந்து மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவர் அவரே. வக்கீலும் கம்பெனி நிர்வாகியும் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். இதை ஏன் சொல்கிறோம்? கற்றுக்கொள்ள மனமிருந்தால் வேறு தொழில் செய்கிறவனும் அணு விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். "உங்களுக்குப் புரியாது" என்று சொல்கிறவன் பெரும்பாலும் புரியவைக்க விரும்பாதவன்.

அபாயகரமான யுரேனிய வேலைகளை எந்தத் தனி நாட்டின் கையிலும் விடாமல், ஒரு சர்வதேச ஸ்தாபனம் நடத்த வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அமெரிக்க சர்க்காரின் சார்பில் பெர்னார்டு பரூக் என்ற பெரும் பணக்காரர் அதை ஐக்கிய நாடுகள் சபையில் வைத்தபோது புது நிபந்தனைகளைச் சேர்த்தார். சோவியத் யூனியன் ஏற்கவில்லை. திட்டம் கிடப்பில் விழுந்தது.

அதே வருஷம் அமெரிக்காவில் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. 1947 ஜனவரி 1 அன்று ராணுவத்தின் கையிலிருந்த அணு வேலைகள் அனைத்தும் சிவிலியன் கமிஷனிடம் வந்தன. முதல் தலைவர் லிலியந்தால். செனட் சபை அவரைச் சுலபமாக ஏற்கவில்லை. மக்கெல்லர் என்ற செனட்டர் அவருக்குக் கம்யூனிஸ்டு சாயம் பூசி வாரக்கணக்கில் குடைந்தார். வதந்தியைக் கொண்டு ஒரு மனிதனைக் குற்றவாளியாக்குவது ஜனநாயகத்துக்கே விரோதம் என்ற கருத்தில் லிலியந்தால் கொடுத்த பதில் நாடெங்கும் பேசப்பட்டது. ஏப்ரலில் 50-க்கு 31 என்ற வோட்டில் ஜெயித்தார்.

இப்போது அந்தக் கமிஷனின் வேலைகளைக் கவனியுங்கள். குண்டு செய்வது அதன் வேலை. அணுசக்தியை வளர்ப்பது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது அதன் வேலை. தொழிலாளருக்கும் ஊருக்கும் ஆபத்து வராமல் பார்ப்பதும் அதன் வேலையே. 1954 சட்டத்தின்படி தனியார் உலைகள் வந்தபோது லைசென்சு கொடுப்பதும் அதனிடமே சேர்ந்தது. மில் மானேஜரே ஃபாக்டரி இன்ஸ்பெக்டர்! பண்ணையாரே மரக்காலுக்கு முத்திரை குத்துகிறவர்!

சங்கத்துக்குக் கதவடைப்பு

இந்த ஏற்பாட்டில் நல்லவர் உட்கார்ந்தாலும் என்ன நடக்கும் என்பதற்கு லிலியந்தாலே சாட்சி. 1948-ல் நியூயார்க் மாகாணத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி கமிஷனுக்காக ஓர் அணு ஆராய்ச்சிக்கூடம் நடத்தியது. மின்தொழிலாளர் சங்கத்தை அங்கே அங்கீகரிக்கக் கூடாது என்று கமிஷன் கம்பெனிக்கு உத்தரவிட்டது. காரணம், சங்கத் தலைவர்கள் "நாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல" என்று பிரமாணப் பத்திரம் எழுதித்தர மறுத்தார்கள். எந்தச் சாயத்தை முந்திய வருஷம் தன்மேல் பூசினார்களோ, அதே சாயத்தைத் தொழிற்சங்கத்தின்மேல் பூசி உத்தரவு போட்டது அவர் தலைமை வகித்த கமிஷன். ரயில்வே தொழிலாளரின் வக்கீலாகத் தொடங்கியவர் வந்து சேர்ந்த இடம் இது. மனிதரின் குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரகசியமும் அதிகாரமும் ஒரே நாற்காலியில் சேர்ந்தால் அந்த நாற்காலி உட்கார்ந்தவனை மாற்றிவிடும்.

ஒரு விஷயத்தில் அவர் வளையவில்லை. 1949-ல் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. உடனே அமெரிக்காவில் ஹைட்ரஜன் குண்டு வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. கமிஷனின் ஐந்து பேரில் லிலியந்தாலும் இன்னும் இருவரும் வேண்டாம் என்றார்கள். ஓப்பன்ஹைமர் தலைமையிலான விஞ்ஞானிகள் குழுவும் வேண்டாம் என்றது. 1950 ஜனவரி 31 அன்று ஜனாதிபதி ட்ரூமனிடம் விஷயம் போயிற்று. பேச்சு ஏழு நிமிஷத்தில் முடிந்தது. குண்டு செய்வது என்று தீர்மானமாயிற்று. இரண்டு வாரத்தில் லிலியந்தால் பதவியை விட்டார்.

பதவிக்குப் பின்

1951-ல் அவர் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தார். சிந்து நதித் தண்ணீருக்காக இரு நாடுகளும் மோதிக்கொள்ளாமல், பொறியியல் கண்ணோட்டத்தோடு கூடி உழைக்கலாம் என்று எழுதினார். உலக வங்கி அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தத்துக்கு விதை அங்கே விழுந்தது. (அந்த ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது.) பிறகு சொந்தக் கம்பெனி ஆரம்பித்து, ஈரானில் ஷா மன்னரின் சர்க்காருக்காக அணைத் திட்டங்கள் நடத்தினார். ஜனங்களுக்காகக் கம்பெனியின் கணக்கைப் புரட்டியவர், இப்போது ராஜாவுக்காகக் கணக்கு எழுதினார்.

ஆனால் அணுவைப் பற்றிய அவருடைய மிக முக்கியமான வார்த்தை பதவி போன பிறகே வந்தது. 1962 கடைசியில் கான்சாலிடேட்டட் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனி நியூயார்க் நகரத்துக்குள்ளேயே, குவீன்ஸ் பகுதியில், பெரிய அணு உலை கட்ட அனுமதி கேட்டது. நம் வேளச்சேரி ரயில் நிலையத்தின் பக்கத்தில் உலை கட்டுவதைப் போன்றது அது. 1963-ல் லிலியந்தால் காங்கிரஸ் கமிட்டியின் முன் வந்து சொன்னார்: குவீன்ஸில் அப்படி ஒரு உலை வந்தால் அங்கே குடியிருக்கக் கனவிலும் நினைக்கமாட்டேன் என்று. நாட்டின் முதல் அணுசக்தித் தலைவரே இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள் கம்பெனியை? குவீன்ஸ் ஜனங்களும் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். 1964 ஜனவரியில் கம்பெனி மனுவை வாபஸ் வாங்கியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாற்காலியில் இருந்தபோது இப்படிப் பேசியிருக்க முடியுமா? அணுவை வளர்ப்பதே வேலை என்ற நாற்காலியில் இருந்துகொண்டு அணு உலையைக் குறை சொல்வது எப்படி? உண்மை பேசுவதற்கு வெளியே வர வேண்டியிருந்தது. உள்ளே இருந்துகொண்டே உண்மை பேசக்கூடிய நாற்காலி வேண்டும் என்பதே இதன் பாடம்.

1974-ல் அமெரிக்கா அந்தக் கமிஷனை இரண்டாகப் பிளந்தது. வளர்க்கிற வேலை ஒரு பக்கம், கண்காணிக்கிற வேலை மறுபக்கம். கண்காணிப்புக் கமிஷன் 1975 ஜனவரியில் பிறந்தது. 1977-ல் அதில் பீட்டர் பிராட்ஃபோர்டு என்ற இன்னொரு வக்கீல் அங்கத்தினரானார். அவரும் மெய்ன் மாகாணத்தில் மின்சாரக் கட்டணக் கமிஷனில் இருந்து வந்தவரே. அவர் பதவியிலிருந்தபோது, 1979 மார்ச் 28 அன்று, திரீ மைல் தீவு உலையில் பெரிய விபத்து நடந்தது. விசாரித்த கெமனி கமிஷன் சொன்னது என்ன? பெயரும் பலகையும் மாறினாலும், உலைகளை வளர்க்கும் பழைய மனப்பான்மை புதுக் கமிஷனிலும் மிச்சமிருக்கிறது என்றது. புது மரக்கால் செய்தால் போதாது. அளக்கிற கையும் மாற வேண்டும்.

லிலியந்தால் 1981 ஜனவரியில் காலமானார்.

நம் நாட்டில் மரக்கால்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1983 நவம்பர் 15 அன்று மத்திய சர்க்கார் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை அமைத்தது. 1962-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவால் பிறந்த வாரியம். அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அணுசக்திக் கமிஷனுக்கு. அந்தக் கமிஷனின் தலைவர் யார்? உலைகளை நடத்துகிற அணுசக்தித் துறையின் காரியதரிசி. சுற்றி வளைத்துப் போனாலும் மரக்கால் பண்ணை வீட்டிலேயே இருந்தது.

அதன் தலைவர்கள் விஞ்ஞானிகளும் என்ஜினீயர்களுமே. அவர்களிலும் நேர்மையானவர்கள் உண்டு. 1993 முதல் 1996 வரை தலைவராக இருந்த என்ஜினீயர் ஏ. கோபாலகிருஷ்ணன் காலத்தில், நாட்டு அணு நிலையங்களில் 130-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் பிரச்னைகளை வாரியம் பட்டியல் போட்டது. பதவி முடிந்த பிறகு, வாரியத்தைத் துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அவர் பகிரங்கமாக எழுதினார். லிலியந்தால் கதைதான்: உரத்துப் பேச வெளியே வர வேண்டியிருந்தது.

2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி இந்த வாரியத்தைப் பரிசீலித்து அறிக்கை கொடுத்தார். நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே கூடங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவானவை என்றார். மீதிக் கூடங்களில் எக்ஸ்ரே எடுக்கிற ஊழியரை யார் பார்ப்பது? அதற்கு இரண்டு வருஷம் முன், 2010 ஏப்ரலில், டில்லி மாயாபுரியில் என்ன நடந்தது? ஒரு சர்வகலாசாலையின் பழைய கதிர்வீச்சுக் கருவி இரும்புக் கடைக்கு விலைக்குப் போனது. உள்ளே கோபால்ட் இருந்தது. உடைத்தவர்கள் கூலிக்காரர்கள். ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கண்காணிப்பு சறுக்கினால் முதலில் விழுவது கூலிக்காரன் தலையில்தான்.

கல்பாக்கம், 2003

இன்னும் அருகே வருவோம். கல்பாக்கத்தில், எரிந்து முடிந்த அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அது பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் வருஷம் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு, அந்த மையத்தின் ஆலைகளை வாரியத்தின் பார்வையிலிருந்து விலக்கிவிட்டது. இனி மையமே தன்னைச் சோதித்துக்கொள்ளும் என்றார்கள்.

மூன்று வருஷம் ஆகவில்லை. 2003 ஜனவரி 21 அன்று அங்கே ஒரு தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கத் தொழிலாளர்கள் போனார்கள். அந்தத் தொட்டியில் குறைந்த வீரியமுள்ள கழிவு இருப்பதாக நினைத்தார்கள். ஒரு வால்வு பழுதாகி, கடும் வீரியமுள்ள கழிவு அதில் கலந்திருந்தது. எச்சரிக்கும் கதிர்வீச்சுக் கருவி அந்த இடத்தில் இல்லை. கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுடுவதும் தெரியாது. ஆறு பேர், ஒரு வருஷத்துக்கு அனுமதித்த அளவைப் போல் பல மடங்கு கதிர்வீச்சை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

ஊழியர் சங்கம் உடனே எழுந்தது. முழுநேரப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று எழுதிக் கேட்டது. வேலை நிறுத்தத்திலும் இறங்கியது. நிர்வாகம் சங்கத்தாரில் சிலரை இடமாற்றம் செய்தது. பத்திரிகையாளர்களைக் கூட்டி விபத்தை ஒப்புக்கொண்டது ஆகஸ்டில். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது.

தோழர்களே, மூடியில்லாத பெல்ட்டில் கை போனால் ரத்தம் தெரியும், பக்கத்துத் தறிக்காரன் ஓடிவருவான். இங்கே ரத்தம் தெரியாது. அதனால்தான் அளக்கிற கருவியும் அளக்கிற ஆளும் சுதந்திரமாக இருப்பது மற்ற எந்தத் தொழிலையும்விட இங்கே உயிர்ப் பிரச்னையாகிறது.

நாம் கேட்க வேண்டியது

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 1962-ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்டப்படியான தகுதி கிடைத்திருக்கிறது. இது பல வருஷக் கோரிக்கை. அதே சட்டம் அணு மின்சாரத்தில் தனியார் கம்பெனிகளுக்கும் கதவு திறக்கிறது. இதுவரை பண்ணையார் சர்க்கார் மட்டும்; இனி லாபத்துக்கு வருகிறவர்களும் களத்துக்கு வருவார்கள். ஆகவே மரக்காலைப் பற்றிய கேள்வி முன்னைவிடப் பெரிதாகிறது.

நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்:

வாரியத்தில் அமர்கிறவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? உலை நடத்துகிற துறையே தேர்ந்தெடுத்தால் பழைய கதை தொடரும். விஞ்ஞானிகளோடு, சட்டம் தெரிந்தவர்களும், வைத்தியர்களும், தொழிலாளர் தரப்பை அறிந்தவர்களும் அங்கே அமர வேண்டும்.

எந்த ஆலைக்கும், எந்த மையத்துக்கும் விலக்குக் கூடாது. 2003-ன் பாடம் இது.

ஒப்பந்தத் தொழிலாளி எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினான் என்ற கணக்கு அவன் கையில் இருக்க வேண்டும். கான்டிராக்டர் மாறினாலும், ஊர் மாறினாலும் அந்தக் கணக்கு அவனோடு போக வேண்டும்.

சோதனை அறிக்கைகள் தமிழில் வர வேண்டும். கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் உழவர் ஊர்களிலும் படிக்கக் கிடைக்க வேண்டும்.

தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும். போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான ஆலைகளுக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கிய உரிமை அது. சட்டத்தின் பெயர் மாறலாம். உரிமை கைநழுவக் கூடாது. குறையை எடுத்துச் சொன்னவனைத் தூக்கி வேறிடத்தில் போடுவது குற்றம் என்று எழுதி வைக்க வேண்டும்.

லிலியந்தால் மகானும் அல்ல, பாதகனும் அல்ல. கெட்டிக்கார வக்கீல், பல இடங்களில் ஜனங்களின் பக்கம் நின்றார், சில இடங்களில் எதிர்ப்பக்கம் போனார். கம்பெனியின் கணக்கை வெளியிலிருந்து புரட்டியபோது அவர் கண் கூர்மையாக இருந்தது. நடத்துகிற நாற்காலியில் உட்கார்ந்ததும் மங்கியது. இறங்கி வந்ததும் மீண்டும் தெளிந்தது. நல்ல மனிதரைத் தேடி நாற்காலியில் வைத்துவிட்டு நாம் தூங்கப் போகலாகாது. நாற்காலியைச் சரியான இடத்தில் போட வேண்டும். அதன் எதிரே கேள்வி கேட்கிற தொழிலாளி எப்போதும் நிற்க வேண்டும்.

களத்து மேட்டில் முத்திரை மரக்கால் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவர்கள் நாம். அணு உலைக்கும் அந்த முத்திரை மரக்கால் வேண்டும். ஊருக்குப் போனதும் கல்பாக்கத்தில் வேலை செய்கிற உறவினரையும் சிநேகிதரையும் பாருங்கள். "உன் கதிர்வீச்சுக் கணக்கு யார் கையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்.